கழித்த கோடு

செவ்வாய்க்கிழமை தோறும் அர்த்தநாரி நைட்ரஜன் கொண்டுவருவார்.
உருளையைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டி,
குடித்தவனைக் கைத்தாங்கலாய்க் கூட்டிவருவதுபோல்
ஆய்வகப் படியேற்றுவார்.
"காத்துல முக்காவாசி இதுதானேம்மா,
இதைப் போய்க் காசுக்கு வாங்குறீங்களே."
ஈரம் துளியும் இல்லாத காற்றுக்குத்தான் காசு என்றேன்.
ஓமலூர் ரோட்டில் அன்று குழாய் வந்து ஒன்பது நாள்.
"தண்ணிக்கும் காசு, தண்ணி இல்லாததுக்கும் காசு"
என்று சிரித்தபடி ரசீதில் கையெழுத்துக் கேட்டார்.

டெராஹெர்ட்ஸ் அலை
துணியைக் கடக்கும், அட்டையைக் கடக்கும்,
பர்கத்தின் பிளாஸ்டிக் டிபன் டப்பாவைக் கடக்கும்.
உள்ளே இருக்கும் சட்னியில் நின்றுவிடும்.
ஈரமென்றால் அதற்கு அத்தனை பயம்.

விண்மீன் கருக்கொள்ளும் இடங்களில்
எல்லாம் உறைந்து, இருண்டு கிடக்கிறது.
கண்ணுக்கு எட்டும் ஒளி அங்கே இல்லை.
மூலக்கூறுகள் மட்டும்
தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல் சுழன்று
ஆளுக்கொரு அதிர்வெண்ணில் முனகும்.
அங்கே முனகுவது யாரென்று தெரிய
இங்கே ஒருமுறை அவரை முனகவைத்துப் பார்க்க வேண்டும்.
எங்கள் வேலை அவ்வளவுதான்.

மெத்தனாலை உறையவைத்தோம்,
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில்.
அலை போகும் பெட்டியை நைட்ரஜனால் நிரப்பினோம்.
ஆகஸ்ட் இரண்டாம் வாரம்
வளைகோட்டில், யாரும் கூப்பிடாத இடத்தில்,
ஒரு பள்ளம்.
ஒன்று புள்ளி ஒன்று ஒன்று மூன்று.
நீர்.

ஐஸுக்குள் சிறைப்பட்ட நீர் தப்பி வருகிறது
என்று நான் சொன்னேன்.
பர்கத்நிஷா எதுவும் சொல்லாமல்
தட்டுவடை செட் வாங்கப் போனாள்.
காரம் தலைக்கேற, கண்ணில் நீர் வடிய
கட்டுரைக்குத் தலைப்பு வைத்தோம்.

பிறகு அவள்தான் பதிவேட்டைப் புரட்டினாள்.
பதினொன்று நாற்பது: பள்ளம் உண்டு.
மூன்றேகால்: பள்ளம் உண்டு.
அவள் வேலை பார்த்த நாட்களில்
கோடு பலகைபோல் தட்டை.
என் நாட்களில் மட்டும் நீர்.

கண்ணாடியைத் திருகும்போது
நான் வாய்விட்டு எண்ணுவேனாம்.
குனிந்து, பெட்டி மூடியோடு முகம் ஒட்டி,
ஒண்ணு, ரெண்டு, மூணு.
ரப்பர் ஓரத்தில் நகம் நுழையாத ஒரு விரிசல்.
நாங்கள் கண்டுபிடித்தது என் மூச்சை.

லீ பஜாரில் குக்கர் கேஸ்கட் வாங்கி
வெட்டி ஒட்டினோம்.
அறிக்கையில் எழுதினேன்:
"அறைக் காற்றின் நீராவியால் உண்டான கோடு
கழிக்கப்பட்டது."
யார் மூச்சு என்று கேட்கும் வழக்கம் அறிக்கைக்கு இல்லை.

அன்றைக்கே
தென்துருவத்தில் பறந்த பலூனின் தரவு வந்து இறங்கியது.
நாற்பது கிலோமீட்டர் உயரம்,
நம் மேகமெல்லாம் காலுக்குக் கீழே.
நானூற்றைம்பது ஆண்டுக்கு முன் கிளம்பிய முனகல்,
ஒரு குட்டி விண்மீனைச் சுற்றும் தூசித் தட்டிலிருந்து.
அதே கோடு.
அது நம்மைவிட்டு விலகுகிற வேகத்துக்கு
ஒரு மயிரிழை கீழே தள்ளி.
பர்கத் இரண்டையும் ஒரே திரையில் போட்டாள்.
என்னுடையது அகலம், அழுக்கு.
அதனுடையது ஊசி.

கடைசி பஸ்ஸில் நாகலூர் வீட்டுக்கு ஏறினேன்.
பன்னிரண்டாம் வளைவில் பனி உள்ளே வந்து
காலி சீட்டில் உட்கார்ந்தது.
கீழே சேலத்தின் விளக்குகள்
ஒவ்வொன்றாய் அல்ல, மொத்தமாய் அணைந்தன.
இந்த மலையில் எந்தக் கருவி வைத்தாலும்
இன்றிரவு வானம் ஒரு ஈரச் சுவர்.
"ஷட்டரை இறக்குங்க, நனையுது" என்றார் கண்டக்டர்.

இறக்கவில்லை.
வளைவுப் பலகைகள் தெரியாததால்
நானே எண்ணிக்கொண்டு போனேன், வாய்விட்டு.
பதினாறு.
பதினேழு.
ஒவ்வொரு எண்ணும் வெள்ளையாய் வெளியே போய்
இருந்த பனியோடு சேர்ந்தது.